விளக்குக் கட்டை

இந்தக் கட்டை சாய்வதற்குள் அந்தக் கட்டையைக் கண்டுபிடித்தே தீருவது என்று வெண்டல் ஷ்ரோடர் தீர்மானம் செய்துவிட்டார்.

முதல் கட்டை அவருடைய உடம்பு. தபால் ஆபீஸிலிருந்து ரிடையரானது. இரண்டாவது கட்டை துப்பாக்கியினுடையது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு ஓடிய கேரண்ட் துப்பாக்கி ஒன்று அவருடைய கராஜில் இருந்தது. 1943-இல் செய்தது. குழல் 43. குறி பார்க்கும் வளையம் 43. தோல்வார்கூட 43. ஒவ்வொரு திருகாணியையும் விஸ்கான்சின் மாநிலத்தையே சல்லடை போட்டுச் சலித்துச் சேர்த்திருந்தார். மரக்கட்டை மட்டும் பத்து வருஷம் இளையது.

அதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தார். போன மே மாதம், யுத்த வீரர் நினைவு நாள் கண்காட்சியில், டுவேன் கவனித்துவிட்டான். அவனும் பழைய துப்பாக்கி சேர்க்கிறவன்; எங்கே போனாலும் சட்டைப் பையில் பூதக்கண்ணாடியோடு போகிறவன்.

"என்ன வெண்டல், கட்டைல கழுகு முத்திரை இருக்கு? நாப்பத்திமூணுன்னா பெருக்கல் குறியா ரெண்டு பீரங்கி இல்ல இருக்கணும்? தாத்தாவுக்குப் பேரனோட பேன்ட்டை மாட்டி விட்டிருக்கியே!"

ஹாலே சிரித்தது. உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிக்கொண்டிருந்த லவோனும் சிரித்தாள். லவோன் வெண்டலின் மனைவி. மற்றவர்கள் சிரித்ததைக்கூட மன்னித்துவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு தண்ணீர் எல்லாம் அந்தக் கட்டைதான். வீட்டில் ஒரு வேலை நடக்கவில்லை. வெளியிலும் நடக்கவில்லை.

"பக்கத்து வீட்டு பெர்னீஸுக்குக் கூரைத் தகரக்குழாய் கழண்டு தொங்கி, தண்ணி வீட்டுக்குள்ள ஒழுகுது. ஒத்தை மனுஷி, பாவம். போய் மாட்டிக் குடேன்" என்பாள் லவோன்.

"இடுப்பு பிடிச்சிருக்கு லவோன்."

"நேத்து கராஜ்ல குனிஞ்சு குனிஞ்சு எதையோ தேய்ச்சிட்டிருந்தியே?"

"அது வேற குனியறது."

லவோன் மேலே பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது வெண்டலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் பனி கரைந்ததும் ஒருநாள் லவோன் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்தாள். "பெர்னீஸோடது. குடுத்துட்டு வா. பாத்திரம் தூக்க இடுப்பு வேண்டாம், கை போதும்."

போனார். பெர்னீஸ் கதவைத் திறந்தாள். எழுபது வயது. கன்னத்தில் குழி விழச் சிரிக்கிற அம்மாள். அவளுக்குப் பின்னால், ஜன்னலோரமாக, ஒரு விளக்கு நின்றுகொண்டிருந்தது.

வெண்டல் பாத்திரத்தை நீட்ட மறந்து ஜன்னலையே பார்த்தார்.

விளக்கின் தண்டு ஒரு துப்பாக்கிக் கட்டை! வால்நட் மரம். பக்கவாட்டில் சின்னச் சதுரத்துக்குள் ராணுவப் பரிசோதகரின் எழுத்து. அதை ஒட்டிப் பெருக்கல் குறி போல இரண்டு பீரங்கி. சாட்சாத் 43. தோட்டாக் குண்டுக்குத் தோள் கொடுக்கவேண்டிய கட்டை, தலையில் குண்டு பல்பைத் தாங்கிக்கொண்டு, சரிகை வைத்த இளஞ்சிவப்பு விளக்குக்குடையோடு நின்றது.

"அது... அது என்ன பெர்னீஸ்?"

"விளக்கு, கண்ணு. எங்க வீட்டுக்காரர் ஹார்வி, போறதுக்கு முன்னால செஞ்சது."

வெண்டல் பக்கத்தில் போய் முகர்கிறாற்போல் பார்த்தார். ஒரு துளைகூடப் போடவில்லை. ஒயரை வெளியிலேயே கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஹார்வியின் சோம்பேறித்தனம் நீடூழி வாழ்க!

விலைக்குக் கேட்டால் காரியம் கெட்டுவிடும். அந்தம்மாள் டுவேனிடம் சொல்வாள். டுவேன் அள்ளிக்கொண்டு போவான். லவோன் காதில் விழுந்தாலோ, இன்னொரு துப்பாக்கிச் சாமானா என்று ஆரம்பிப்பாள். ஆகவே வெண்டல் ராஜதந்திரத்தில் இறங்கினார். உபகாரம் மேல் உபகாரம் செய்து பெர்னீஸை உருக வைப்பது. உருகி நிற்கும்போது, "ஞாபகார்த்தமா அந்தப் பழைய விளக்கு போதும்" என்று தலையைச் சொறிவது.

"உங்க தகரக்குழாய் தொங்குதே பெர்னீஸ்! பார்த்தா மனசு கேக்கலை!"

"உனக்கு இடுப்பு வலின்னாளே லவோன்?"

"இடுப்பா? எனக்கா?"

தகரக்குழாயை மாட்டினார். மறுநாள் பெர்னீஸ் கொல்லைக் கதவு கிறீச்சிடுகிறது என்றாள். எண்ணெய் போட்டார். அப்புறம் வேலி சாய்ந்தது. வேலியை நிமிர்த்தியதும் வர்ணம் வெளிறித் தெரிந்தது. வர்ணம் அடித்ததும், புது வேலிக்குப் பக்கத்தில் கராஜ் அழுக்காகத் தெரிந்தது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் பெர்னீஸ் அவரை விளக்குக்கு நேர் எதிரே உட்காரவைத்து, காபியும், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக்கும் கொடுத்தாள். ஒருநாள் அந்தக் கட்டையின் மேல் ஈரத்துணியைத் தொங்கவிட்டாள். வெண்டலுக்கு நெஞ்சே ஈரமாகிவிட்டது.

"பெர்னீஸ், அந்த விளக்கு..."

"அழகா இருக்கில்ல? நிலவறையில வெளிச்சமே இல்ல, கண்ணு. அங்க இருக்கிற பழைய கரி அடுப்பை யாராவது மேல கொண்டுவர வரைக்கும், விளக்கைக் கீழ வச்சிடலாம்னு பார்க்கறேன்."

நிலவறை ஈரத்திலா! வெண்டல் அடுப்பைத் தூக்கினார். இந்தத் தடவை இடுப்பு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. வீட்டில் வாய் திறக்க முடியவில்லை.

"என்ன, ஒரு பக்கமா நடக்கறே?" என்றாள் லவோன்.

"காத்து அந்தப் பக்கமா அடிக்குது."

இந்த வருஷக் கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருக்குப் பொறுமை போயிற்று. காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். தொண்டையைக் கனைத்தார்.

"பெர்னீஸ், மனசுல வச்சிக்காதீங்க. அந்த விளக்கை எனக்குக் குடுத்துடுங்க."

பெர்னீஸ் கன்னத்தில் குழி விழுந்தது. "குடுக்கறதுக்கு அது என்னோடதா, கண்ணு? லவோனோடது. இங்க கொஞ்ச நாள் இருக்கட்டும்னு வச்சிட்டுப் போனா."

"ஹார்வி செஞ்சதுன்னீங்க?"

"ஹார்விக்கு ஆணிக்கு எது தலை, எது காலுன்னே தெரியாது. அவர் நல்லா விசிலடிப்பார்."

வெண்டல் விளக்கைக் குடையோடு அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். லவோன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கேட்டுட்டியா? ஜூன் வரைக்கும் நீ தாங்குவேன்னு நெனச்சேன்."

"இது எங்க கிடைச்சுது உனக்கு?"

"போன வருஷம் சர்ச்சுல பழைய சாமான் வித்தாங்கல்ல? அங்க வெறுங்கட்டையா கிடந்துது. நீதான் தூக்கத்துல கூட 'சதுரம், பீரங்கி'ன்னு பினாத்தறியே! திருப்பிப் பார்த்தேன். ரெண்டும் இருந்துது. நான்தான் பல்பு மாட்டினேன்."

"அப்பவே என்கிட்ட குடுத்திருக்கலாமே!"

"குடுத்திருந்தா? கராஜுக்குள்ள போய்க் கதவைச் சாத்தியிருப்பே. பெர்னீஸ் இன்னொரு குளிர்காலம் ஒழுகற கூரைக்குக் கீழ வாளி வச்சிட்டு உக்காந்திருப்பா. ஆறு மாசம் கெஞ்சினேன் வெண்டல். நீ இடுப்பைப் பிடிச்சே. நான் விளக்கைப் பிடிச்சேன்."

கோபப்படவேண்டிய இடம் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் இரண்டு கையும் கட்டையை அணைத்துக்கொண்டிருந்தன. அணைத்துக்கொண்டு கோபப்படுவது சிரமம். குடையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு கராஜுக்குப் போனார். ஆளி விதை எண்ணெய் தடவித் தடவித் தேய்த்தார். துப்பாக்கியின் இரும்பைக் கட்டைக்குள் இறக்கி, அடியில் கொக்கியை அழுத்தினார். 'டக்'கென்று உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

நினைவு நாளன்று டுவேன் பூதக்கண்ணாடியோடு மேஜையை மூன்று சுற்றுச் சுற்றினான். நுனி முதல் அடி வரை பார்த்தான். கடைசியில் கண்ணாடியைப் பைக்குள் போட்டான்.

"எங்கய்யா பிடிச்சே இதை?"

"தேடினேன். ஓயாம தேடினேன்" என்றார் வெண்டல், மார்பை நிமிர்த்தி. சாலட் பரிமாறிக்கொண்டிருந்த லவோன் இருமினாள்.

திரும்பி வருகையில் அவருக்கு மனசு லேசாக இருந்தது. விசிலடித்துக்கொண்டே காரை ஓட்டினார். முனை திரும்பியதும் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பாதிரியார் வீட்டு முன்ஜன்னலில் ஒரு பூத்தொட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கி நின்றது காக்கி நிறத்தில் ஒரு ராணுவத் தோட்டாப் பட்டை. அதில் கறுப்பு மையில், பளிச்சென்று, 1943.

வெண்டல் மெல்லத் திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

லவோன் சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "ஓரமா நிறுத்து. கூரை ஏற ஏணி அவங்க வீட்டுலயே இருக்கு."