ஒஹாயோ அண்ணையின் நாலாம் வருசம்

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில், அமெரிக்க ஜனாதிபதிகள் அத்தனை பேரையும் முதலிலிருந்தும் கடைசியிலிருந்தும் ஒப்பிக்கத் தெரிந்து, பக்கத்துத் தெருவுக்குப் பிரெஞ்சில் வழி கேட்கத் தெரியாத ஒரே மனிதர் ஒஹாயோ அண்ணைதான். அமெரிக்காவை அவர் பார்த்ததே இல்லை.

உணவகத்தில் கோப்பை கழுவுவது அவர் வேலை. கார்ஜ் என்ற புறநகரில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்தார். அந்த அறையில் முன்பு இருந்தவர் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை விட்டுப் போயிருந்தார். அமெரிக்க வரலாற்றில் யாரும் கவனிக்காத சங்கதிகளைத் தொகுத்த புத்தகம். புறநகர் ரயிலில் போகும்போதும் வரும்போதும் அதையே பத்து வருடம் படித்தார். படித்ததையெல்லாம் லா ஷப்பலில் இறக்கினார். மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பவரின் தோளைத் தட்டுவார்.

"வெள்ளை மாளிகையிலை ஒருநாளும் படுக்காத ஜனாதிபதி ஆர், சொல்லும் பாப்பம்?"

"அண்ணை, எனக்கு பஸ் வருது."

"முதலாவது ஆள்! வீடு கட்டி முடியமுன்னம் மனுசன் செத்துப்போனார்."

இதை ஒருமுறை பொண்டி என்ற ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் சொல்லிவிட்டார். அவர் மூன்று மாதம் பேசவில்லை.

நான் அங்கே ஒரு தொலைபேசிக் கடையின் பின்னறையில் காகிதங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். அதற்கு முன் பத்திரிகையில் இருந்தேன். ஒஹாயோ அண்ணையின் அகதி வழக்கு இரண்டு தரம் தள்ளுபடியாகியிருந்தது. பத்து வருடம் பிரான்ஸில் தொடர்ந்து இருந்ததைக் காகிதத்தில் காட்டினால் வதிவிட கார்ட் கேட்க ஒரு வழியுண்டு என்று யாரோ சொல்ல, பெரிய கோப்பு ஒன்றோடு என்னிடம் வந்தார். மன்னாரில் மனைவியும் மகளும். அவர் புறப்பட்டபோது மகளுக்கு இரண்டு வயது. கார்ட் கிடைத்தால்தான் கூப்பிடலாம்; மகளுக்குப் பதினெட்டு ஆவதற்குள் கூப்பிட வேண்டும்.

கோப்பில் வருடத்துக்கு ஒரு நிற மட்டை. ஒன்பது வருடத்துக்கு எல்லாம் இருந்தது. நாலாம் வருடத்தில் பன்னிரண்டு சம்பளச் சிட்டைகள், அவை வேறொருவர் பெயரில். அந்த வருடம் முழுக்க அவர் இன்னொருவரின் கார்டைக் காட்டி வேலை செய்திருக்கிறார்.

"நான் கழுவின கோப்பைக்கு அந்தாளுக்குப் பென்சன் வரும்" என்றார், பெருமையா துக்கமா என்று பிரிக்க முடியாத குரலில்.

வேலை செய்தது இவர்தான் என்று முதலாளி கையெழுத்து வைத்தால் ஏதாவது செய்யலாம். அந்த வருடம் வேலை செய்த உணவகம் மூடி, முதலாளி எங்கேயென்று தெரியவில்லை. கார்டுக்காரர் ஓல்னேயில் இருக்கிறார், தொலைபேசியை எடுப்பதில்லை.

"அண்ணை, காகிதப்படி அந்த வருசம் நீங்கள் பிரான்ஸிலை இல்லை."

"தம்பி, ஒஹாயோ எண்டொரு மாநிலம். அமெரிக்காவோடை சேர்ந்து நூற்றைம்பதாம் வருச விழா எடுக்கப் போகேக்கைதான் பாத்தாங்கள், சேர்த்ததுக்கு முறையான தீர்மானமே போடேல்லை! என்ன செய்தாங்கள்? அண்டைக்குத் தீர்மானம் போட்டு, நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின திகதியைக் குடுத்தாங்கள். ஒரு மாநிலத்துக்கே முன்திகதி போடலாமெண்டால், எனக்கொரு வருசத்துக்குப் போட ஏலாதோ?"

இதை அவர் சொல்லாத ஆள் அந்தத் தெருவில் இல்லை. பெயர் அப்படித்தான் ஒட்டியது.

அலுவலகங்களுக்குக் கடிதம் போட்டுப் பயனில்லை என்றேன். உடனே இன்னொரு கதை வந்தது. "இருநூறு வருசமாய்க் கிடப்பிலை கிடந்த சட்டத்திருத்தம் ஒண்டைப் பற்றி ஒரு மாணவன் கட்டுரை எழுதினவன். வாத்தியார் குறைஞ்ச மார்க் போட்டார். பொடியன் விடேல்லை. மாநிலம் மாநிலமாய்ப் பத்து வருசம் கடிதம் போட்டான். சட்டமாகிட்டுது! எழுதும் தம்பி." பதினொரு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

கடைசியில், கார்டுக்கு விண்ணப்பித்திருந்த பிரிஃபெக்ச்சர் அலுவலகத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. மொழிபெயர்க்க நானும் போனேன். காத்திருந்த இடத்தில் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, ஜனாதிபதிக்கும் வெல்லாமல், துணை ஜனாதிபதிக்கும் வெல்லாமல் ஜனாதிபதியானவர் ஆர்?"

"அண்ணை, பாஸ்போர்ட்டை எடுத்து வையுங்கோ."

உள்ளே இருந்த அம்மா மரியாதையானவர். ஒஹாயோ கதையை அண்ணை சொல்ல, நான் ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். உண்மையா என்று கேட்டுச் சிரித்தார். மேசைக்குக் கீழே அண்ணை என் காலை மிதித்தார். "பாத்தீரோ, ஆளைப் பிடிச்சிட்டன்."

அந்த அம்மா பேனாவை எடுத்தார். நாலாம் வருடத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் தடுக்குமுன் அண்ணை பன்னிரண்டு சிட்டைகளையும் எடுத்து நீட்டினார். அவர் சிட்டையைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரும்பவும் சிட்டையைப் பார்த்தார். இது யார் என்றார்.

"நான்தான்."

அது உண்மை. அந்த அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஏழு வாரத்தில் முடிவு வந்தது. கார்ட் இல்லை, முப்பது நாளுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அதை அவருக்குச் சொன்னேன். அவர் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ரை பேர் சரியாய்ப் போட்டிருக்கோ?"

"ஓம்."

"முகவரி, திகதி?"

"எல்லாம் சரி."

காகிதத்தை வாங்கி, ஓரத்தில் இரண்டு ஓட்டை குத்தி, கோப்பின் கடைசி மட்டைக்குள் போட்டார். "இந்த வருசத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. நான் இஞ்சைதான் இருக்கிறன் எண்டு பிரான்ஸ் அரசாங்கமே எழுதித் தந்திருக்கு." பிறகு விரலை மடக்கினார். "அஞ்சாம் வருசத்திலையிருந்து ஆறு வருசம் இருக்கு. பத்தாக இன்னும் நாலு. அப்ப பிள்ளைக்குப் பதினாறு." அதற்குமேல் மடக்க விரல் இருந்தும் மடக்கவில்லை. அன்று ஒரு கேள்வியும் கேட்காமல் போனார்.

உணவகத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். வழியில் மறித்து விசாரித்தால் என்ன செய்வது என்ற பயத்தில் லா ஷப்பலுக்கும் வருவதில்லை. சம்பளச் சிட்டை இல்லாதவருக்கு வேறு எந்தக் காகிதம் வரும்? மாதம் ஒரு கடிதம் அவருக்கு நானே போடுகிறேன். தனிப்பட்ட கடிதத்தைப் பெரிய ஆதாரமாக எடுக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். உள்ளே ஒரு தாள், அதில் அமெரிக்காவைப் பற்றி ஒரேயொரு கேள்வி. மறுநாளே தொலைபேசியில் பதில் வந்துவிடுகிறது. அவருக்குத் தெரியாத கேள்வி எனக்கு இன்னும் அகப்படவில்லை. உறையின் மேல், தபால் முத்திரையின் திகதி தெளிவாய் விழ நல்ல இடம் விட்டு, அவருடைய சொந்தப் பெயரை ஓர் எழுத்தும் குறையாமல் முழுதாக எழுதுகிறேன்.