எழுபது சென்டிமீட்டரில் ஒரு மீட்டர்

குதிரையைப் பழக்கியவர்கள் உலகத்தில் பலர் உண்டு. ஆனால் தடையைத் துளியும் உயர்த்தாமல், அதைத் தாண்டுகிறவரை மட்டும் முப்பது சென்டிமீட்டர் உயர்த்திக் காட்டிய பெருமை, திருவான்மியூரில் உள்ள எங்கள் குதிரையேற்றக் கழகத்தின் நிர்வாகக் குழுவுக்கே உரியது. இதற்கு நான் சாட்சி. கழகத்தின் எழுத்தர் நான். கூட்டக் குறிப்பேடு முழுவதும் என் கையெழுத்துதான்.

கழகம் பெரியதல்ல. ஒரு மணல் திடல், ஒரு தகரக் கொட்டகை, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஏழு குதிரைகள். உறுப்பினர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தொட்டவர்கள். வாரம் முழுவதும் அலுவலகத்தில் அடுத்தவருக்கு நம்பிக்கை ஊட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்களுக்குக் கொஞ்சம் வாங்கிப் போக வருவார்கள். அதைக் கொடுக்க வேண்டிய பயிற்றுநர் ஜொவிட்டா. என் மனைவி. இப்போது இல்லை.

ஜொவிட்டாவின் முறை மிகவும் பிற்போக்கானது. தாண்டப் பயப்படுகிறவருக்கு அவள் கம்பைத் தரையில் போடுவாள். குதிரை அதை நடந்தே கடக்கும். பிறகு ஒரு சாண் உயரம். பிறகு முழங்கால் உயரம். யாராவது மிரண்டால் ஒரு வார்த்தை பேசாமல் போய்க் கம்பை இரண்டு துளை இறக்கிவிடுவாள். மறுபடி ஏற்ற அவசரப்பட மாட்டாள். இந்த வேகத்தில் ஒருவர் எழுபது சென்டிமீட்டர் தாண்ட ஒரு வருடம் ஆகும். ஒரு வருடத்துக்கு இன்று யாருக்கு நேரம் இருக்கிறது?

அச்யுத் என்று ஒரு வங்கி அதிகாரி. நல்ல மனிதர். ஜூன் மாதத்தில் ராயல் என்ற குதிரையிலிருந்து ஒருமுறை விழுந்தார். அடி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு தடை நெருங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்ளத் தொடங்கினார். ஜொவிட்டா கம்பைத் தரைக்கு இறக்கினாள்.

“கண்ணத் தொறந்து, எதிர்ல அந்தத் தென்னை மரத்தப் பாருங்க சார். தாண்டுறத ராயல் பாத்துக்கும்.”

“மேடம், என் ஆபீஸ் ஆளுங்க அங்க நின்னு வீடியோ எடுக்கறாங்க. தரையில கிடக்கற கம்பைத் தாண்ட எனக்குக் குதிரை எதுக்கு?”

குதிரைகளைப் பராமரிக்கும் அன்வர் பாஷா அவர் காதில் விழாமல் சொன்னார்: “கண்ண மூடிக்கினு போறதுன்னா பஸ்ஸுல போலாமே மேடம். டெர்மினஸ் பக்கத்துலதான கீது.”

அச்யுத் புகார் கொடுத்தார். பலர் பார்க்கக் கம்பை இறக்குவது உறுப்பினரின் தன்னம்பிக்கையைக் காயப்படுத்துகிறது என்பது புகார். விஷயத்தின் தீவிரம் கருதி, ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு ‘அவசரக் கூட்டம்’ கூட்டியது. டீயும் வெங்காய பக்கோடாவும் வந்தன. குழுவின் ஐந்தாவது உறுப்பினராகப் புதிதாகச் சேர்ந்திருந்த ஸ்ரீரஞ்சனி, தி.நகரில் ‘தன்னம்பிக்கை ஆலோசகராக’ இருப்பவர். குதிரையை அன்றுதான் அருகில் பார்த்தார். அதனால் அவரிடம் எந்த முன்முடிவும் இல்லை.

“கம்பு இறங்கினா, மனசுல அவரும் இறங்கிடுவார். அதனால கம்பை இறக்கவே கூடாது” என்றார்.

“அப்போ ஏத்தணுமா?” என்று தலைவர் பத்ரிநாராயணன் கவலையோடு கேட்டார். அவரும் ஞாயிற்றுக்கிழமை சவாரி செய்கிறவர்.

“ஏத்தவும் வேண்டாம் சார். எண்ணை ஏத்தினாப் போதும்.”

குழு சிறிது நேரம் பக்கோடாவைக்கூடத் தொடவில்லை.

தடை என்பது எளிமையான பொருள். இரண்டு பக்கமும் மரத்தூண், தூணில் வரிசையாகத் துளைகள், துளையில் மாட்டிய கொக்கி மேல் கம்பு. ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் அதன் உயரம் பெயிண்டில் எழுதியிருக்கும். இனி அறுபது என்பதைத் தொண்ணூறு என்றும், எழுபது என்பதை நூறு என்றும் எழுதுவது எனத் தீர்மானமாயிற்று. உறுப்பினர்களிடம் இதைச் சொல்வது தன்னம்பிக்கையைப் பாதிக்கும் என்பதால் சொல்வதில்லை என்பது உபதீர்மானம்.

ஜொவிட்டாவை அழைத்துத் தெரிவித்தார்கள்.

“குதிரைக்கு எண் படிக்கத் தெரியாது சார்” என்றாள்.

“அதாம்மா நமக்கு சௌகரியம். யார்கிட்டயும் சொல்லாது” என்றார் தலைவர்.

“கண்ண மூடுறவரு மூடிக்கிட்டேதான் போவாரு. நாளைக்கு நெசமாவே ஒரு மீட்டர் முன்னாடி போய் நின்னா என்ன ஆகும்?”

“நிஜம்ங்கறதே ஒரு மனநிலைதான்” என்றார் ஸ்ரீரஞ்சனி. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

எண்களை மாற்றி எழுதும் பணி, கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், எனக்குத் தரப்பட்டது. கறுப்பு பெயிண்டில் சாயங்காலத்துக்குள் முடித்தேன். தலைவர் வந்து பார்த்தார். “முத்து முத்தா இருக்கு நோயல். ஒருத்தருக்கும் சந்தேகம் வராது” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆதம்பாக்கம் வீட்டுக்குத் திரும்பும்போது, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த ஜொவிட்டா வேளச்சேரி சிக்னலில் என் விரலில் ஒட்டியிருந்த கறுப்பு பெயிண்டைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “நீங்களா எழுதுனீங்க?”

“வெறும் எண்ணுதானே ஜொவி.”

“வெறும் எண்ணுன்னா பழசையே விட்டிருக்கலாமே.”

முடிவுகள் வியக்கத்தக்கவை. ஒரே மாதத்தில் பதினோரு பேர் ‘ஒரு மீட்டர்’ தாண்டினார்கள். அவர்களில் ஒருவர் தலைவர். சான்றிதழ்களை நானே தட்டச்சு செய்தேன். அச்யுத் இரண்டே வாரத்தில் தாண்டினார், கண்ணை மூடிக்கொண்டே. ஒரு மீட்டர் வீரர் தரைக்கம்புப் பயிற்சிக்கு வருவது முறையல்ல என்பதால் அதற்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஜொவிட்டா பொறுக்க முடியாமல் ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டாள்: “சார், அது எழுபதுதான். நூறு இல்ல. தூணுல எண்ண மாத்தியிருக்காங்க.”

அவர் கோபப்படவில்லை. இரக்கத்தோடு சிரித்தார். “மேடம், உங்க மெத்தட் இல்லாமலே எங்களுக்கு வந்துடுச்சுன்னு வருத்தமா இருக்கும். புரியறது” என்றார். பெருந்தன்மையோடு, புகாரைச் சுருக்கமாகத்தான் எழுதிக் கொடுத்தார்.

ஜொவிட்டாவுக்குக் குறிப்பாணை அனுப்பப்பட்டது. ‘நம்பிக்கைக் குலைவு ஏற்படுத்தும் வகையில் உண்மைத் தகவல்களைப் பரப்பியமைக்காக’ என்று தொடங்கும். அதை நான் தட்டச்சு செய்து, உறையில் போட்டு, முறைப்படி ஒட்டி, வீட்டில் சாப்பாட்டு மேஜையில் கொடுத்தேன்.

“இதுல கையெழுத்து போடணுமா?”

“பெற்றுக்கொண்டேன்னு போடணும்.”

ரசம் பட்ட கையைத் துடைத்துவிட்டுப் போட்டாள். “சாப்பிடுங்க, ஆறிடும்” என்றாள்.

ஜனவரியில் ஆண்டு விழா. ஆறு தடைகள் வைக்க வேண்டும். எங்களிடம் இருந்தவை இரண்டுதான். மீதி நான்கை வெளியிலிருந்து வாடகைக்கு எடுத்தோம். அவற்றின் தூண்களில் எண்கள் பழைய பாணியில், உள்ளது உள்ளபடி இருந்தன. ஜொவிட்டா விடியற்காலையிலேயே வந்து, ஆறு தடையிலும் கம்பை எழுபது சென்டிமீட்டரில் வைத்துவிட்டு, குதிரைகளுக்குச் சேணம் பூட்டக் கொட்டகைக்குள் போனாள்.

கோட்டு போட்டுக்கொண்டு வந்த தலைவர், மூன்றாவது தடையருகே நின்றார்.

“என்னப்பா இது, எழுபதுன்னு இருக்கு?”

“மேடம்தான் வச்சாங்க சார்” என்றார் அன்வர் பாஷா.

“சீஃப் கெஸ்ட் முன்னாடி எழுபதா? சர்ட்டிபிகேட்டுல நூறுன்னு போட்டிருக்கோம். நூறுல வை.”

“சார், இது நெசமான நூறு சார்.”

“அப்போ நாங்க இத்தனை நாள் தாண்டினது பொய்யா?”

தலைவர் நடிக்கவில்லை. ஆறு மாதத்தில் அந்த எண்ணை அவர் மனப்பூர்வமாக நம்பத் தொடங்கியிருந்தார். தான் பிறப்பித்த உத்தரவைத் தானே நம்பும் தலைமை எல்லாக் கழகங்களுக்கும் வாய்ப்பதில்லை.

அன்வர் பாஷா வேறு வழியில்லாமல் நான்கு கம்புகளையும் ஏற்றிவிட்டு, ஜொவிட்டாவைத் தேடி ஓடினார். அவள் கொட்டகையின் கடைசியில் இருந்தாள். வெளியே வந்தபோது அச்யுத் எங்கள் தடைகள் இரண்டையும் தாண்டிவிட்டு, மூன்றாவதை நோக்கி ராயலைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் ஸ்ரீரஞ்சனி, “உங்களால் முடியும், உங்களால் முடியும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ‘நிறுத்துங்க’ என்று ஜொவிட்டா கத்தியது, பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

ஓடினாள். கம்பின் ஒரு முனையைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கீழே விட்டுவிட்டாள். அடுத்த முனைக்குப் போனாள். கண்ணை மூடியிருந்தவர் அவளைப் பார்க்கவில்லை. ராயல் பார்த்தது. திரும்ப முடிந்த அளவு திரும்பியது. அதன் தோள்பட்டை பட்டு விழுந்தவளின் தலை, தூணின் அடிக்கட்டையில் மோதியது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

அச்யுத் மணலில் விழுந்தார். சிராய்ப்புகூட இல்லை. தூக்கி உட்காரவைத்ததும், “தாண்டிட்டேனா?” என்று கேட்டார்.

“தாண்டிட்டீங்க சார்” என்று யாரோ சொன்னார்கள்.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. விஷயம் தெரிந்தவர்கள் வேண்டும் என்பதால், நிர்வாகக் குழுவின் ஐந்து பேரே அதிலும் இடம்பெற்றார்கள். இரண்டு முறை கூடினார்கள். எண்களைப் பற்றிய பேச்சு எழவில்லை. ‘பயிற்றுநருக்குத் தம் மாணவர் மீது போதிய நம்பிக்கை இல்லாமையே விபத்துக்குக் காரணம்’ என்று கண்டறிந்தார்கள். பயிற்றுநர்களுக்கு இரண்டு நாள் தன்னம்பிக்கை முகாம் நடத்தவும், சிறந்த தன்னம்பிக்கையாளருக்கு ஜொவிட்டா பெயரில் ஆண்டுதோறும் கோப்பை வழங்கவும் பரிந்துரைத்தார்கள்.

இடையில் அச்யுத் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். “மேடம் ஏன் சார் குறுக்க ஓடி வந்தாங்க? நான் எத்தனை தடவை ஒரு மீட்டர் தாண்டியிருக்கேன்” என்றார். கண் கலங்கியிருந்தது. அவள் அன்று சொன்னதை நம்பாததால், அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஒரே ஓர் எண்ணைச் சொல்லி நான் பதில் சொல்லியிருக்கலாம். “காபி ஆறுது சார்” என்றேன்.

மறுநாள் விசாரணை அறிக்கையைத் தட்டச்சு செய்து கொண்டுபோனேன். தலைவர் படித்துப் பார்த்தார்.

“ஒரு பிழைகூட இல்லை. ஏதாவது விட்டுப்போச்சா நோயல்?”

“பொறுப்பானவங்க பேரு இல்ல சார்.”

“அதெல்லாம் எதுக்குப்பா. இது யாரையும் குத்தம் சொல்ற அறிக்கை இல்லையே.”

தலைவர் தன்னடக்கத்தால் அப்படிச் சொல்லிவிட்டார். அறிக்கையில் ஒரு குறையும் கிடையாது. என் மனைவியைக் கொன்றவர்களின் பெயர்கள் ஒன்று விடாமல் அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. ஐந்து பேர், பதவியோடும் தேதியோடும், அவரவர் கையாலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கும் கீழே, இடது ஓரத்தில், சிறிய எழுத்தில்: தட்டச்சு, நோயல்.