பனீர் சிவப்பு

சாயம் போடுகிறவனை நம்பிப் பட்டு நூலைக் கொடுக்கலாம். கரண்டியைக் கொடுக்கக் கூடாது. இது என் தத்துவம் இல்லை. என் மனைவி கோமதி எங்கள் வீட்டில் போட்டு வைத்திருக்கும் சட்டம்.

ஆரணியில் எனக்கு ஒரு சின்னச் சாயப்பட்டறை. சேலை நெய்கிறவர்கள் ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து, "இதே கலர் வேணும்" என்பார்கள். அந்தக் கலர் வரும்வரை தொட்டியில் சாயத்தைச் சேர்த்துக்கொண்டே போவேன். அதில் நான் புலி. (புலிக்கு வேறெதுவும் தெரியாது என்பது போகப் போகப் புரியும்.)

வம்பு ஒரு தக்காளி ரசத்தில் தொடங்கியது. எங்கள் வீட்டில் தட்டைப் பார்த்தே கிழமை சொல்லிவிடலாம். சாம்பார் என்றால் திங்கள், காரக்குழம்பு என்றால் செவ்வாய், ரசம் என்றால் புதன். அன்று என் வாய் சும்மா இருக்கவில்லை.

"கோமு, நம்ம வூட்டுக்குக் காலண்டரே வாங்க வேணாம் போலக்குதே."

மகள் திவ்யா சிரித்துவிட்டாள். கோமதி சிரிக்கவில்லை.

"சரிங்க. நீங்களே ஒரு சமையல் புக்கு பாத்து வாங்கிகினு வாங்க. பசங்களும் சாப்பிடணும், பெரியவங்களும் சாப்பிடணும், தினமும் செய்றாப்ல இருக்கணும். ஞாயித்துக்கிழம எங்கண்ணன் குடும்பத்தோட வராரு. அத பாத்து நீங்களே சமைங்க. அவங்க தட்டு காலியாச்சின்னா, அந்த புக்க வெச்சி தினம் புதுசா செஞ்சி போடறேன். ஆவலன்னா, என் சமையலப் பத்தி ஆயுசுக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

வாய் திறக்கும் உரிமை! கல்யாணமானவனிடம் மிச்சமிருப்பதே அது ஒன்றுதானே? சிங்கம் போல ஒப்புக்கொண்டேன்.

புத்தகக் கடைக்காரர் முதலில் ஒல்லியாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காரம் குறைவு, அளவெல்லாம் டம்ளர் கணக்கு, சந்தையில் கிடைக்கும் காய்களே போதும். "கொழந்தைங்க இருக்கற வூட்ல இதத்தாங்க வாங்கிகினு போறாங்க" என்றார். புரட்டினேன். ஒரு படம்கூட இல்லை. சாம்பிள் கொடுக்காமல் எப்படிக் கலர் எடுப்பது?

அடுத்த புத்தகம் வழவழத் தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். அதில் ஒரு பனீர் மசாலா. அடடா, என்ன சிவப்பு! அரக்கிலும் சேராமல், மிளகாய்ப் பழத்திலும் சேராமல், நடுவில் நின்று ஜொலித்தது. பசங்களுக்கு ஆகுமா, தினமும் செய்ய முடியுமா என்பதெல்லாம் அந்த நொடியே மறந்துபோயின. வாசலுக்கு வந்து பக்கத்தை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கடைக்காரர் என்னை அதே மாதிரி பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோமதியைச் சமையலறையை விட்டு வெளியேற்றினேன். 'மிளகாய்த் தூள் ஒரு தேக்கரண்டி' என்று புத்தகத்தில் இருந்தது. போட்டேன். மசாலா வெளிறிப்போன ஆரஞ்சாக இருந்தது. படமோ சிவப்பு. எங்கள் தொழிலில் எழுத்தை யார் பார்க்கிறார்கள்? சாம்பிள்தான் பேசும். இன்னொரு கரண்டி போட்டேன். கொஞ்சம் நெருங்கியது. இன்னொன்று. வீடே தும்மியது.

நிறம் ஈரத்தில் ஒன்று, காய்ந்தால் வேறொன்று. எந்தச் சாயக்காரனும் கொதிக்கிறதைப் பார்த்து முடிவு செய்ய மாட்டான். ஆகவே தோளில் கிடந்த வெள்ளைத் துண்டின் ஓரத்தை மசாலாவில் முக்கியெடுத்து, ஒரு கையில் துண்டும் ஒரு கையில் புத்தகமுமாகத் தெருவில் இறங்கி வெயிலில் நின்றேன்.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாங்க, ஞாயித்துக்கிழமகூட பட்டறை வேலையா?"

"இல்லீங்க, சமையல்."

மனிதர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மிளகாய்த் தூள் டப்பாவின் அடி தெரிந்தபோது கலர் வந்தேவிட்டது. அச்சு அசல்! (ருசி பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சாயத்தை யாராவது நக்கிப் பார்ப்பார்களா?)

தேவிகாபுரத்திலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்து இறங்கினார். அவரும் தறி வைத்துப் பட்டுச் சேலை நெய்கிறவர். மூடியைத் திறந்ததும் சொக்கிப் போனார்.

"மாப்ள! இன்னா கலருய்யா இது! கண்ணுல ஒத்திக்கலாம் போலக்குதே!"

நல்லவேளை, ஒற்றிக்கொள்ளவில்லை. சப்பாத்தியில் தோய்த்து வாயில் வைத்தார். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. தொழில் புத்தி யாரை விட்டது, அதையும் படத்தோடு ஒப்பிட்டேன். ஒரு பிடி தூக்கலாகவே இருந்தது. அவருடைய சின்ன மகன் நாக்கை நீட்டிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான்.

"தண்ணி... ஜல்தி..." என்றார் மச்சான், யாரோ கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல.

கோமதி அவசரப்படாமல் எழுந்துபோய் ஒரு பாத்திரம் நிறையத் தயிர்சாதம் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். காலையிலேயே செய்து ஒளித்து வைத்திருக்கிறாள்! என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"நீங்களும் உங்க பனீர ஒரு வாய் சாப்பிடறதுதானே?" என்றாள்.

சாப்பிட்டேன். பந்தயப்படி நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு வெகு நேரம் என்னால் வாயை மூடவே முடியவில்லை.

அப்போதுதான் திவ்யா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். "அப்பா, இதுல இட்லிகூட செவப்பாத்தான்பா இருக்குது. தயிர்சாதம் ரோஸ் கலரு!" அச்சடித்தவர் சிவப்பு மையைக் கவிழ்த்திருக்கிறார். கலர் பார்ப்பதில் புலி, ஒரே பக்கத்தைப் பார்த்து மயங்கிவிட்டது.

கிளம்பும்போது மச்சான் கொடியில் கிடந்த என் துண்டை உருவினார்.

"எதுக்கு மச்சான்?"

"சாம்பிளுக்கு. வாய்க்குத்தான் பேஜாரு, கண்ணுக்கு ஜோராக்குது. இதே கலர்ல எனக்கு நூல் போட்டுக் குடு மாப்ள."

போட்டுக் கொடுத்தேன். அந்தச் சேலை அமோகமாக ஓடியது. இன்றைக்கும் எங்கள் பட்டறையில் அந்த நிறத்துக்குப் 'பனீர் சிவப்பு' என்றுதான் பெயர். வெளியூர்க்காரர் யாராவது, "பனீர் வெள்ளையாச்சே?" என்று கேட்டால் போதும், கோமதி கைவேலையைப் போட்டுவிட்டு வந்து முழுக்கதையும் சொல்லிவிடுவாள். மச்சான் அங்கே இருந்தால் நாக்கை நீட்டி நடித்தும் காட்டுவார்.

வழவழப் புத்தகம் பட்டறைக்குப் போய்விட்டது. அந்த ஒல்லிப் புத்தகத்தைக் கோமதியே வாங்கி வந்தாள். இப்போதெல்லாம் தட்டைப் பார்த்துக் கிழமை சொல்ல முடிவதில்லை. போன வாரம் அதிலிருந்து ஒரு பீர்க்கங்காய்க் கூட்டு செய்தாள். உப்பு சுத்தமாக இல்லை. திவ்யா என்னைப் பார்த்தாள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பப் பனீர் சிவப்புச் சேலையில் நின்றிருந்த கோமதியும் என்னைப் பார்த்தாள்.

"கலர் ஜோரா வந்துக்குது கோமு" என்றேன்.