பிறக்காதவர்களின் கிணறு

பிறந்தவர்களுக்கு நல்லது செய்வது சாதாரண மனிதர்களின் வேலை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். பிறக்காதவர்களுக்கு நல்லது செய்யத்தான் மகான்கள் வேண்டும். அப்படிப்பட்ட மகான்கள் சிலர் ஒரே ஏலக்காய்க் கிடங்கில், ஒரே மின்விசிறிக்குக் கீழே, ஒரே தட்டு மிக்சரைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை உலக வரலாறு ஒரே ஒருமுறைதான் கண்டது. அது 1988ஆம் ஆண்டு, கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில். அந்த மகான்களில் அடியேனும் ஒருவன். பெயர் ஜெபமணி, கடைவீதியில் குடைக்கடை. மகான்கள் கூடும் ‘மலையடிவார முன்னேற்ற மன்ற’த்துக்கு நான்தான் செயலாளர்.

மன்றத் தலைவர் சண்முகராஜ் அண்ணாச்சி. ஏலக்காய் வியாபாரி, திராட்சைத் தோட்டக்காரர், யாரும் கேட்காமலேயே பேசக்கூடியவர். அந்த வருஷம் சித்திரையில் சென்னையில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போனார். போகும்போது வெறுங்கையோடு போனவர், திரும்பும்போது ஒரு ரெக்சின் பையும் ஒரு கொள்கையும் கொண்டுவந்தார். பையை எங்களைத் தொடவிடவில்லை. கொள்கையை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு ‘நிலைத்த வளர்ச்சி’ என்று பெயர்.

“ஒலகமே இப்ப இதத்தான்யா பேசுது,” என்றார் தலைவர். “நாம அனுபவிக்கிற மண்ணு, தண்ணி, மரம் எதுவும் நம்மளுது இல்ல. எல்லாம் இனிமே பொறக்கப் போறவுகளுது. நாம சும்மா காவக்காரங்க.”

துணைத்தலைவர் பலவேசம் மரக்கடை வைத்திருப்பவர். எந்தக் கொள்கையையும் தன் கடை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார்.

“அப்ப எங்கடையில கெடக்கிற தேக்கும் அவுகளுதுதானா அண்ணாச்சி?”

“அது வெட்டுன மரமுல்ல! வெட்டுன மரத்துக்கு ஏதுய்யா வருங்காலம்?”

பலவேசத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொள்கையை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டு, மிச்சமிருந்த மிக்சரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இனி, பிறக்கப் போகிறவர்களுக்கு எதையாவது ஒதுக்கிவைக்க வேண்டும். மலையை ஒதுக்கலாம் என்றால் தலைவரின் ஏலத்தோட்டம் அங்கேதான் இருந்தது. காட்டை ஒதுக்கலாமே என்று நான் வாயெடுத்தேன். பலவேசத்துக்கு இருமல் வந்துவிட்டது. வயலை ஒதுக்கினால் எல்லோருக்குமே இருமல் வரும். கடைசியில் தலைவரே கண்டுபிடித்தார்: மேற்குத் தெருப் பொதுக் கிணறு.

ஊர்ப் பொதுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உள்ளது அது மட்டும்தான். மற்றக் கிணறுகளின் தண்ணீரை வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்தக் கிணற்றின் ‘பராமரிப்பை’ மன்றம் ஏற்கனவே பஞ்சாயத்திடம் எழுதி வாங்கியிருந்தது. இதையெல்லாம்விட முக்கியமான தகுதி ஒன்று அதற்கு இருந்தது. கிடங்கில் உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவர்கூட அதில் தண்ணீர் எடுப்பதில்லை. சிலருக்குத் தோட்டத்துக் கிணறு இருந்தது. மற்றவர்களுக்குத் தலைவரின் தோட்டத்திலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் வந்தது. ஆகவே அந்த மாபெரும் தியாகத்தை எதிர்த்து ஒரு குரல்கூட எழவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“என் திராட்சைத் தோட்டம் அங்கன சுவத்துக்கு அந்தப் பக்கந்தான,” என்றார் தலைவர். “பக்கத்துலயே இருந்து நானே பாத்துக்கிறேன்.” இந்தக் காலத்தில் இப்படி யார் முன்வருவார்கள்!

கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டோம். ‘வருங்காலச் சந்ததியினருக்கு மட்டும்’ என்று நீலப் பலகை எழுதி மாட்டினோம். நாடெல்லாம் திறப்பு விழா நடத்திக்கொண்டிருந்தபோது, பூட்டு விழா நடத்திய பெருமை எங்கள் மன்றத்துக்கே உரியது. பூட்டுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டோம். ஜீப்பில் வந்த ஓர் அதிகாரி கைதட்டலுக்கிடையே சாவியைத் திருப்பினார். “தண்ணி யாருது? நம்ம பிள்ளைகளுது!” என்று தலைவர் மைக்கில் முழங்கினார். தொண்டை வறண்டுபோன விருந்தினர்களுக்குக் குளிரக் குளிரக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தோம்.

காவலுக்குக் கோம்பை நாய் ஒன்றைக் கட்டலாம் என்றார் பலவேசம். நல்ல யோசனைதான். ஆனால் நாய்க்குத் தண்ணீர் வைக்க வேண்டுமே! அதனால் அதே தெருவைச் சேர்ந்த மலைச்சாமியை நியமித்தோம்.

இதில் நிகழ்காலச் சந்ததிக்குச் சிறு சங்கடம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. மேற்குத் தெருப் பெண்கள் ஓடைக்கு அப்பால் இருக்கும் கிணற்றுக்குப் போய் வந்தார்கள். ஏற்றமும் இறக்கமுமான பாதை. பெண்களுக்கு நல்ல தேகப்பயிற்சி என்று ஆண்டறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறேன்.

அந்தப் பெண்களிடம் ஒரு பழைய பழக்கம் உண்டு. தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது ஒருத்திக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தால், தன் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவாள். எது யார் கல் என்பது தெருவுக்கே தெரியும். ஆள் வரும்வரை அவளுக்குப் பதில் கல் நிற்கும். அதைத் தாண்டி ஒருத்தியும் குடத்தை நகர்த்தமாட்டாள். எதிரில் இல்லாத ஆளுக்கும் பங்கு உண்டாம்! இதற்கு ஒரு தீர்மானம் கிடையாது, ஒரு செயலாளர் கிடையாது, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கிடையாது. எவ்வளவு பின்தங்கிய ஏற்பாடு பாருங்கள். கிணறு பூட்டிக் கிடந்தபோதும் அந்தக் கற்களை வரிசை கலையாமல் அங்கேயே விட்டுவைத்திருந்தார்கள்.

ஒருநாள் மலைச்சாமி மூச்சிரைக்க என் கடைக்கு ஓடி வந்தான்.

“செக்ரட்டரி அய்யா, மாயக்கா வந்து நிக்கிறா. தண்ணி குடுன்றா.”

“பலகையைக் காட்ட வேண்டியதுதானே?”

“அதத்தான்யா அவளும் காட்டுறா.”

மாயக்காள் தலைவரின் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவள். புருஷன் ஏலமலைக்கு ஜீப்பில் போனால் வாரம் கழித்துத்தான் வருவான். நான் போய்ப் பார்த்தபோது இடுப்பில் குடத்தோடும், குடத்துக்குப் போட்டியாக முன்னால் நின்ற வயிற்றோடும் நின்றுகொண்டிருந்தாள்.

“எனக்குச் சொட்டுத் தண்ணி வேணாஞ்சாமி,” என்றாள் மிகுந்த பணிவோடு. “நான் நிகழ்காலம். நாக்கு வறண்டு செத்தாலும் இந்தப் பக்கம் திரும்பமாட்டேன். இந்தா, உள்ள கெடக்கானே, இவன் வருங்காலம். இவனுக்கு ஒரு கொடம் குடுங்க.”

மன்றம் அவசரமாகக் கூடியது. இப்படி ஒரு சிக்கல் கருத்தரங்கில்கூட எழவில்லை என்றார் தலைவர்.

“வயித்துல கெடக்கது வருங்காலந்தான் அண்ணாச்சி,” என்றார் பலவேசம். “இன்னும் வரலையில்ல?”

“சரிய்யா. உரிமை கோருற ஆளு நேர்ல வந்து கேக்கணும்ல?”

“நேர்லதான் வந்திருக்கான் மொதலாளி,” என்றாள் மாயக்காள் கிடங்கு வாசலிலிருந்து. “நான் சும்மா தூக்கிட்டு வந்திருக்கேன்.”

வேறு வழியில்லை. வயிற்றுக்கு ஒரு குடம் என்று விதி செய்தோம். மறுநாளே தெருவிலிருந்த கர்ப்பிணிகள் எல்லோரும் வந்தார்கள். அதற்கடுத்த நாள் புதுப்பெண்கள் வந்தார்கள். பிறகு ஒருத்தி, தனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், ஜாதகம்கூடப் பொருந்திவிட்டது, ஆகவே அரைக் குடமாவது வேண்டும் என்றாள். பல்லெல்லாம் விழுந்துபோன பொன்னாத்தாள் குடத்தோடு என் கடைக்கே வந்துவிட்டாள்.

“ஆத்தா, உனக்கு இனிமேயா?” என்றேன்.

“ஏன்? உங்க வேதக்கோயில்ல அன்னைக்கு மைக்குல சொன்னாகளே, தொண்ணூறு வயசுல ஒருத்திக்குப் பிள்ளை பொறந்துச்சுன்னு. நீங்களே நம்பலைன்னா எப்படி?”

என் விசுவாசத்துக்கே வந்த சோதனை. ஒரு குடம் கொடுத்தனுப்பினேன்.

இதற்கிடையில் மலைச்சாமி ஒரு புகாரோடு வந்தான். கிணற்றில் கயிறு எட்டவில்லையாம். கயிற்றை நீட்டிக் கொடுத்தோம். மறுபடியும் எட்டவில்லை. தலைவரிடம் சொன்னபோது அவர் துளியும் கலங்கவில்லை.

“தண்ணி கீழ போறது நல்லதுதானய்யா. மேல கெடந்தா வெயிலு குடிச்சிரும். அடியில போயி பத்திரமா இருக்கு.”

எவ்வளவு ஆழமான விளக்கம்! அது இன்னும் ஆழமாகிக்கொண்டே போனது.

மாயக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உடம்பு தேறியதும் ஒரு தோளில் பிள்ளையும் இடுப்பில் குடமுமாகக் கிணற்றுக்கு வந்தாள். மலைச்சாமி தலையைச் சொறிந்துகொண்டு குறுக்கே நின்றான்.

“பொறந்திருச்சேத்தா,” என்றான். “இப்ப அதுவும் நிகழ்காலமாயிருச்சாம். குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாக.”

ஆமாம், அப்படித்தான் முடிவு செய்திருந்தோம். கனத்த மனத்தோடு எடுத்த முடிவு. எந்தச் சந்ததிக்காகக் காத்திருந்தோமோ, அது கொஞ்சம் அவசரப்பட்டுப் பிறந்து, தகுதியை இழந்துவிட்டது. விளக்கிச் சொல்ல மன்றமே கிளம்பிப் போனது. தலைவர் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு விதியை எடுத்துரைத்தார். தெருவே கூடிவிட்டது.

மாயக்காள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், தூங்கிய பிள்ளை விழித்துக்கொண்டது.

“அப்ப எம்பிள்ளை எப்பத்தான்யா தண்ணி குடிக்கும்? உள்ள இருக்கையில உரிமை இருந்துச்சு, குடிக்க வாயி இல்ல. இப்ப வாயி இருக்கு, உரிமை இல்லன்றீக. நல்லா இருக்கே உங்க ஞாயம்!”

தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சென்னையில் இதற்கும் பதில் சொல்லித் தரவில்லை போலும்.

“சரி, குடுக்க வேணாம்,” என்றாள் அவள். “மூடியத் தெறங்க சித்தப்பு. இவுக இம்புட்டுப் பத்திரமா வச்சிருக்கத எம்பிள்ளை கண்ணால பாத்துட்டாவது போகட்டும்.”

மலைச்சாமி எங்களைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவளைப் பார்த்துப் பயந்து திறந்துவிட்டான். வாளி இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் ‘டங்’ என்று பாறையில் மோதியது. கூட்டம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம் எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்தது.

“மொதலாளி தோட்டத்துக் கெணத்துல தண்ணி நெறைஞ்சு கெடக்கு,” என்றாள் மாயக்காள். “ஆடி மாசம் மிசின இறக்கி அடியில பக்கவாட்டுல சைடு போர் போட்டாகளே, எந்தப் பக்கமா போட்டாகன்னு கேளுங்க. நாந்தான போர் போட்டவுகளுக்குக் கஞ்சி கொண்டுபோயி ஊத்துனேன்.”

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். நெருக்கடியில்தான் ஒரு தலைவனின் தரம் தெரியும். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

“ஆமா, போட்டேன். யாருக்காகப் போட்டேன்? பழைய பந்தலுக்கா ஊத்துனேன்? புதுசா வச்ச கொடிக்கு ஊத்துனேன். இன்னும் ஒரு பிஞ்சுகூட விடல. காய்க்காத கொடி வருங்காலச் சந்ததி இல்லாம வேற என்னய்யா?”

பலவேசம் கைதட்டிவிட்டார். கொள்கை என்று வந்துவிட்டால் அவர் அப்படித்தான்.

மாயக்காள் கைதட்டவில்லை. பிள்ளையை மலைச்சாமி கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, வரிசையிலிருந்த தன் கல்லை எடுத்தாள். அதன் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குட்டிக் கல் இருந்தது; பிள்ளை பிறந்த அன்றே ஆள்விட்டு வைத்திருந்தாளாம். அதையும் எடுத்துக்கொண்டு நேராகத் திராட்சைத் தோட்டத்துக்குள் நடந்தாள். மோட்டார் ரூம் தொட்டிக்கு முன்னால் குட்டிக் கல்லை முதலிலும் தன் கல்லை அடுத்ததாகவும் வைத்தாள். பின்னாலேயே தெரு மொத்தமும் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தது. பந்தலுக்கு அடியில் வரிசை ஒரு கல்கூட இடம் மாறாமல் நீண்டது.

“ஏய், இது எஞ் சொந்தக் கெணறு!” என்று தலைவர் அலறினார்.

“கெணறு உங்களுதுதான் மொதலாளி. யாரு இல்லன்னா? தண்ணி யாருதுன்னு மைக்குல நீங்கதான சொன்னீக?”

“போலீசக் கூப்பிடுவேன்!”

“கூப்பிடுங்க. அப்படியே நாளைக்குப் பழைய பந்தல்ல கவாத்துக்கும் ஆளு கூப்பிட்டுக்கங்க. நாங்க யாரும் வரல. இனிமே பொறக்கப் போறவுக வந்து கொடி வெட்டுவாக.”

தலைவர் பந்தலைப் பார்த்தார். ஒருநாள் தள்ளினாலும் கவாத்துப் பருவம் போய்விடும். பிறக்காதவர்களில் ஒருவர்கூடக் கத்தரிக்கோலோடு வருவதாகத் தெரியவில்லை. நல்ல தண்ணீர் தொட்டியில் தளும்பிக்கொண்டிருந்தது. முதல் குடம் குட்டிக் கல்லுக்கு நிறைந்தது. அன்று தொடங்கி மேற்குத் தெரு அங்கேதான் தண்ணீர் எடுக்கிறது. மோட்டாருக்கு ஆகும் கரண்டைத் தலைவர் மனமுவந்து அன்பளிப்பாக வழங்குவதாக ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

மறுவருஷக் கருத்தரங்குக்கு என்னையும் அழைத்துப் போனார். ‘மக்கள் பங்கேற்பில் ஒரு கிணறு’ என்று கட்டுரை வாசித்தார், நல்ல கைதட்டல். எனக்கும் ஒரு ரெக்சின் பை கிடைத்தது. கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா எழுந்து, “ஊரில் இத்தனை பேர் இருக்க, பிறக்காதவர்களை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று கேட்டார். தலைவர் என்னைப் பார்த்தார். செயலாளர் எதற்கு இருக்கிறான்?

“அம்மா, அவர்களைப் போலத் தங்கமானவர்கள் உலகத்தில் கிடையாது,” என்றேன். “கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்பதில்லை. வாளியை இறக்கிப் பார்ப்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன சத்தம் என்று காது கொடுப்பதில்லை. பிறந்தவர்களும் நல்லவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குத் தாகம் எடுக்கிறதே!”