ஆவி அடிக்கும் கார்

2025, ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. என் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு காரின் முகப்பிலிருந்து வந்த நீராவியைப் பேய் என்று சொல்லி, அந்தக் காரையே அதன் உரிமையாளரிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள். இருநூறு பேர் கைகூப்பி நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் தமிழ் படித்தவர்கள்.

உரிமையாளர் பிராங்ளின், என் பக்கத்து வீட்டுக்காரர்; அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய கார் முப்பத்தைந்து வயதான ஜெர்மன் நாட்டு வண்டி. இரண்டே கதவு, தாழ்ந்த மூக்கு, பந்தயத்துக்கென்றே பிறந்த எஞ்சின். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் பறக்கவல்ல அந்த வண்டி, எங்கள் மலைப்பாதையில் காரட் லாரிக்குப் பின்னால் இருபதில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஒரு ரப்பர் குழாய் வேண்டுமென்றாலும் கடல் கடந்து வர வேண்டும். பிராங்ளின் காத்திருப்பார். தம்மைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் இவ்வளவு பொறுமை காட்டவில்லை என்பது அவர் மனைவி பிரிஸில்லாவின் கட்சி.

சென்ற வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது வண்டி சூடேறிப் புகைந்தது. குன்னூர் மெக்கானிக் செலஸ்டின் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசினார். எடுத்தவர் பிரிஸில்லா.

“அக்கா, பானட்டுக்குள்ள ஆவி அடிக்குதுங்க. அண்ணன வண்டி எடுக்க வேண்டாம்னு சொல்லிருங்க.”

‘ஆவி’ என்பது பலபொருள் ஒருசொல். இட்லிப் பானையில் எழுவதும் ஆவி. செத்தவர் திரிவதாகச் சொல்லப்படுவதும் ஆவி. செலஸ்டின் முதற்பொருளில் சொன்னார். பிரிஸில்லா இரண்டாம் பொருளில் கேட்டார். அன்று மாலையே சித்தர் ஒருவர் முன் போய் நின்றார். ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்பவர்தாம். ஆனால் நம் நாட்டில் முழு மத நல்லிணக்கம் நிலவும் துறை மூடநம்பிக்கை ஒன்றே.

சித்தரின் கொட்டகையில் பெரிய பலகை தொங்கியது: ‘சக்கர சித்தர்’. வல்லினம் மிக வேண்டிய இடம். ‘சக்கரச் சித்தர்’ என்றிருந்தால்தான் அவர் வண்டிச் சக்கரங்களுக்கு உரியவர் என்பது விளங்கும். ஒற்று விடுபட்டதால், சோலூரிலிருந்து வந்த சர்க்கரை நோயாளி ஒருவர், “எனக்குச் சக்கர முந்நூறுங்க, காரெல்லாம் இல்லீங்க” என்று வரிசையில் நின்றார். அவருக்கும் ஓர் எலுமிச்சம்பழம் கிடைத்தது.

சித்தரின் கோட்பாடு எளியது. பழைய ஜெர்மன் கார்களுக்குள், அவற்றைச் செய்து செத்துப்போன பொறியாளர்களின் ஆவிகள் குடியிருக்கின்றன. மெய்ப்பிக்க ஒரு சாலையும் வைத்திருந்தார். கேத்திக்கு மேலே, காரட் பாத்திகளுக்கு நடுவே போகும் சாலை அது. அங்கே எஞ்சினை அணைத்து, கியரை விடுவித்து நிறுத்தினால், வண்டி தானாகவே மேட்டில் ஏறும். ஏறினால் ஆவி உண்டு. ஏறாத ஜெர்மன் கார் இதுவரை இல்லை. நம்மூர் வண்டிகளை அவர் சோதிப்பதில்லை. அவற்றின் ஆவிகள் பழகிய ஆவிகளாம்.

இன்று பிற்பகல், மனைவியின் பிடிவாதத்துக்குப் பணிந்த பிராங்ளினின் முறை. வெடித்த குழாயில் துணி சுற்றி, வழியெல்லாம் தண்ணீர் ஊற்றி, வண்டியை மெல்லக் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சின் அணைந்தது. வண்டி அசைந்தது. பிறகு மேட்டை நோக்கி நகர்ந்தது.

“அய்யோ, ஏறுதுங்க!” என்றது கூட்டம்.

“பரிகாரத்துக்கு அடங்காத ஆத்மா,” என்றார் சித்தர் கண்மூடி. “ஆவியைத் தாங்கும் யோகம் உள்ளவரிடம் வாகனம் இன்றே கைமாற வேண்டும்.”

அந்த யோகம் உள்ளவர் பாலன் என்பவர். இழுவை லாரியோடு முன்னதாகவே வந்து, கொக்கியைக் கையில் பிடித்து நின்றார். நாடி பார்க்குமுன் பாடை வந்து நிற்பதை நான் அதுவரை கண்டதில்லை. அவர் தர முன்வந்தது பழைய இரும்பின் விலை.

“ஏனுங்க, குடுத்துத் தொலைங்க,” என்றார் பிரிஸில்லா. “ஒண்ணு அது இருக்கோணும், இல்லீனா நானிருக்கோணும்.”

“எம்பட வண்டி பிரிஸி அது,” என்றார் பிராங்ளின். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாலையோரம் அருக்காணி முட்டைக்கோஸ் மூட்டைகளோடு லாரிக்குக் காத்திருந்தார். நான் ஒன்றை விலைக்குக் கேட்டேன்.

“பொரியலுக்குங்களா தமிழய்யா, கூட்டுக்குங்களா?”

“ஆராய்ச்சிக்கு.”

வெளி இலைகளை உரித்து, உருண்டையாக்கி, கார் புறப்பட்ட இடத்திலேயே வைத்தேன். முட்டைக்கோஸ் சற்று யோசித்தது. பிறகு தத்தித் தத்தி மேட்டில் ஏறியது. ஜெர்மானியர் விரும்பி உண்ணும் காய் அது என்பது உண்மையே. அந்த வாதத்தைச் சித்தருக்கு நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. “பார்த்தீர்களா! ஆவி காய்க்குள் புகுந்துவிட்டது!”

“அடக் கெரகமே!” என்று எழுந்தார் அருக்காணி. “அப்பறம் எம்பட மூட்டையெல்லாம் நா ஆருக்கு விக்கறது? உம்பட ஆவிய உங்கொட்டாய்லயே வெச்சுக்கய்யா!”

கூட்டத்தில் முதல் சிரிப்பு கேட்டது. நான் பிராங்ளினிடம் தண்ணீர்க் கேனைக் கேட்டேன். அவரே எடுத்துவந்து தார்ச்சாலையில் ஊற்றினார். தண்ணீரும் மேட்டை நோக்கியே ஓடியது.

“தண்ணீர் பள்ளத்துக்குத்தான் பாயும்,” என்றேன். “ஆகவே இது மேடு அன்று; பள்ளம். இருபுறமும் மலைச்சரிவும் சாய்ந்த பாத்திகளும் இருப்பதால் கண் ஏமாறுகிறது. தண்ணீருக்குக் கண் இல்லை, அது ஏமாறவில்லை.”

இருநூறு பேரும் குனிந்து பார்த்தார்கள். அப்போது, அதுவரை ஆத்மா, வாகனம் என்று பேசிய சித்தரின் வாயிலிருந்து வேறொரு தமிழ் வந்தது.

“டேய் பாலா, பார்ட்டி கலைஞ்சுருச்சு. லாரிய எடுறா.”

வாங்குபவரையும் விற்பவரையும் ‘பார்ட்டி’ என்று அழைப்பவர்கள் பழைய கார்த் தரகர்கள். சித்தர்கள் அல்லர். கூட்டத்தில் நின்ற கட்டபெட்டு எஸ்டேட் மேலாளர் ரமணன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். போன மாதம்தான் தம் ஜெர்மன் காரை இதே பாலனுக்கு இரும்பு விலையில் கொடுத்திருந்தார். அங்கேயே கைப்பேசியைத் தட்டினார். பழைய கார் விற்கும் இணையப் பக்கத்தில் அவருடைய வண்டி நின்றது, இடம் பெங்களூரு. கீழே பாலனின் எண். ‘எஸ்டேட் மேலாளர் ஓட்டியது. எந்தக் குறையும் இல்லாத வண்டி.’

“ஆவியப் பத்தி ஒரு வார்த்தை போடலியேடா?” என்று ரமணன் பாலனின் சட்டையைப் பிடித்தார். சித்தர் ஓடினார். மேட்டை நோக்கித்தான் ஓடினார். இறக்கமாதலால் வேகமாகவே ஓடினார். காரட் தோட்டத்து வேலியில் சிக்கியவரை ஊரார் பிடித்துக் காவலர்களிடம் ஒப்படைத்தார்கள்.

“அப்ப செலஸ்டின் சொன்ன ஆவி?” என்றார் பிரிஸில்லா, இன்னும் தள்ளியே நின்று.

பிராங்ளின் பானட்டைத் திறந்து துணியை அவிழ்த்தார். “இந்தக் கொழாய்தான். வெடிச்சுப்போச்சு. சுடுதண்ணி ஆவியாப் போவுது.”

“அத நீராவின்னு சொல்றதுக்கென்ன கேடு அந்தப் பையனுக்கு!”

இன்று அங்கே பேசப்பட்டவற்றுள் இலக்கணப்படி சரியான கண்டனம் அது ஒன்றே. பிரிஸில்லா முன் இருக்கையில் ஏறி அமர்ந்து, தண்ணீர்க் கேனை மடியில் வைத்துக்கொண்டார். ஆவி புகுந்த முட்டைக்கோஸையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வாசகரே, நாளைக் காலை இட்லிப் பானையைத் திறக்கும்போது உம் முகத்தில் ஆவி அடிக்கும். அதற்கு அஞ்சிப் பானையைப் பாலனிடம் இரும்பு விலைக்குக் கொடுக்கமாட்டீர். அடுப்பைத் தணிப்பீர். சமையலறையில் உமக்கிருக்கும் அந்த அறிவை, வாசலைத் தாண்டும்போது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்.