ராணி குளிக்கப் போன சுரங்கமும் உங்கள் தங்கச்சியின் கழிவறையும்

அஸ்தம்பட்டியில் குடியிருக்கும் மரியாதைக்குரிய பெரிய மச்சான் அருணகிரி அவர்களுக்கு, மோகனூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சுவாமிநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், இரண்டு எருமைகள், கிணற்று மோட்டார் எல்லாரும் நலம். அங்கே நீங்களும் வீட்டாரும், முக்கியமாகக் கண்ணாத்தாளின் வலது முழங்காலும் நலமாயிருக்க வேண்டும்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதக் காரணம், போனில் நீங்கள் நடுவிலேயே கத்துகிறீர்கள். இதை முழுதாகப் படித்த பிறகுதான் கத்த முடியும்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்த உங்கள் தங்கச்சியை வெள்ளிக்கிழமை கூட்டி வருவதாகவும், அதற்குள் உட்கார்ந்து எழ வசதியாக வெஸ்டர்ன் டாய்லெட் தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுப்ப மாட்டேன் என்றும் சொன்னீர்கள். நியாயம்தான். அறை எழும்பிவிட்டது. டைல்ஸ் ஒட்டியாயிற்று. பீங்கானும் வந்து இறங்கிவிட்டது. கழிவுத் தொட்டிதான் பாக்கி. போன திங்கட்கிழமை பொக்லைன் ஓட்டும் இளவழகன் வந்து வீட்டுக்குப் பின்னால் தோண்டினார். மூன்றடி போனதும் 'டொக்'கென்று ஒரு சத்தம். செங்கல் வளைவு ஒன்று உடைந்து, உள்ளே ஒரே இருட்டு. இளவழகன் வண்டியை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, உள்ள காலியா இருக்குதுங்க" என்றார். பக்கத்துத் தோட்டத்து அர்த்தநாரி எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, வேலியைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"சாமி, இது ராசா சுரங்கமுங்க. நாமக்கல் கோட்டையில இருந்து காவேரிக்குப் போவுது. ராணி தெனமும் இதுலதான் குளிக்கப் போவாங்க."

எந்த ராசா என்று கேட்டேன். வெள்ளைக்குதிரை ராசா என்றார். அவர் பெயர் என்ன என்றேன். அது யாருக்கும் தெரியாதாம். குதிரையின் பெயர் மட்டும் தெரியும், முத்துச்சாமி. மச்சான், சர்க்கரை ஆலை எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் நின்றவன் நான். எதையும் நிறுத்துப் பார்க்காமல் உள்ளே விட எனக்கு மனசு வராது. நாமக்கல்லிலிருந்து இங்கே பதினெட்டு கிலோமீட்டர். போய்த் திரும்பினால் முப்பத்தாறு. உள்ளே மூங்கிலை விட்டு அளந்தேன், உயரம் நாலடிதான். அத்தனை தூரமும் குனிந்தபடி போய்க் குளித்துவிட்டு, குனிந்தபடி திரும்பினால் ராணிக்கு வியர்த்து ஊற்றி மறுபடி குளிக்க வேண்டி வருமே என்று கேட்டேன்.

"அதனாலதானுங்க தெனமும் போனாங்க" என்றார் அர்த்தநாரி.

குதிரை எப்படி நாலடிக்குள் நுழைந்தது என்றேன். அந்தக் காலத்துக் குதிரைகளுக்கு மரியாதை தெரியும், தலை குனிந்து போகும் என்றார். மூங்கிலை நீள வாக்கில் விட்டேன். பத்தடியில் சுவர் இடித்தது. "அது கதவுங்க, அந்தப் பக்கந்தான் புதையல்" என்றார். இறங்கிப் பாருங்களேன் என்றதற்கு, புதையலை ஐந்து தலை நாகம் காக்கிறதாம், அவருக்கோ தோட்டத்தில் தண்ணீர் கட்ட வேண்டுமாம்.

மறுநாள் நாமக்கல்லிலிருந்து சபரிநாதன் என்பவர் வந்தார். சரித்திர வீடியோ போடுகிறவர். நெற்றியில் விளக்குக் கட்டியிருந்தார், பகல் பதினொரு மணிக்கு. உடைந்த செங்கலிலிருந்து காரையைச் சுரண்டி நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "கடுக்காய், கருப்பட்டி, ஒரு லட்சம் முட்டை" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். ராசா காலத்திலேயே நாமக்கல் முட்டைக்கு இவ்வளவு மவுசா என்று ஊரே புல்லரித்துப்போனது. எனக்கு நம்பிக்கை வராமல் நானும் ஒரு துண்டை நக்கினேன். கருப்பட்டியும் தெரியவில்லை, கடுக்காயும் தெரியவில்லை. உப்புத்தான் கரித்தது. அதைச் சொன்னேன். "ராணியோட கண்ணீருங்க" என்றார் அவர்.

இதற்குள் கிழக்குத் தெருக்காரர்கள் தாங்கள் ராசாவின் வாரிசு என்றும், மேற்குத் தெருக்காரர்கள் தளபதியின் வாரிசு என்றும் என் முருங்கை மரத்தடியிலேயே சண்டை போட்டு, சாயங்காலம் ஊர்க்கூட்டம் வைத்தார்கள். தொட்டிக்கு வேறு இடமில்லை, ஒரு பக்கம் கிணறு, மறு பக்கம் பாறை என்று நான் கெஞ்சினேன். "ராணி நடந்த பாதையில கக்கூசாங்க?" என்று ஒரே கூச்சல். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

உங்களிடம் மறைப்பானேன், எனக்கும் கொஞ்சம் ஆசை தட்டிவிட்டது. சுரங்கம் என் நிலத்தில் இருப்பதால் இங்கே அந்தப்புரம் இருந்திருக்கும், நீங்களும் ராச வம்சம்தான், உங்க மூக்கைப் பார்த்தாலே தெரிகிறதே என்று அர்த்தநாரி சொன்னதிலிருந்து மூன்று தடவை கண்ணாடி பார்த்துவிட்டேன். பெண் கொடுத்தபோது நீங்களாவது கவனித்திருக்கலாம்.

ஆகவே, அரசாங்கத்தார் வந்து ஆராய்ந்து சொல்ல வேண்டியிருப்பதால், கண்ணாத்தாளைத் தீபாவளி முடியும்வரையில் அங்கேயே வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். அரச குடும்பத்துக்கு இதெல்லாம் புதிதல்ல என்று அவளிடம் பக்குவமாகச் சொல்லவும். பெரியவர்களுக்கு என் கும்பிடு, குழந்தைகளுக்கு ஆசி, அவள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி புருஷன்
சுவாமிநாதன்

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் பனமரத்துப்பட்டியிலிருந்து பழனியம்மாள் என்ற எண்பது வயது அம்மாள் இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினார். வீடியோவைப் பார்த்தாராம். குழியோரம் நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது கக்கூசுத் தொட்டி சாமி" என்றார். இந்த நிலத்தை எனக்கு விற்ற பண்ணையக்காரரின் அப்பா காலத்தில், பெரிய அதிகாரி ஒருவர் ஒருநாள் தங்க வருகிறார் என்று அவசரமாகக் கட்டியதாம். "வந்தாரு, ஒருக்கா போனாரு, காருல ஏறிப் போயிட்டாரு. அப்பறம் யாரும் சீந்தல. மண்ணப் போட்டு மூடிட்டாங்க."

சபரிநாதன் விடவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, ராசா கட்டினதுதானுங்களே?"

"ராசா எங்க சாமி செங்கல் சொமந்தாரு? நாந்தான் சொமந்தேன். பதினாறு வயசு எனக்கு."

சபரிநாதன் குழாயடிக்குப் போய் வெகுநேரம் வாய் கொப்பளித்தார். அவருக்குப் பின்னால் நானும் வரிசையில் நின்றேன்.

தொட்டி கல்லு மாதிரி இருக்கிறது. குழாய்க்கு ஓட்டை வைத்த இடத்தைக்கூட அந்த அம்மாளே காட்டினார். வளைவைப் பூசி, குழாயை மாட்டினால் முடிந்தது. இளவழகன் புதன்கிழமை முடித்துத் தருகிறார். பழனியம்மாளிடம், கூலியாக ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "கட்டி முடிச்சதும் எங்கள அந்தப் பக்கமே உடல சாமி. ஒருக்கா நான் போயிட்டு வாரேனே" என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை திறப்பு விழா, பழனியம்மாள் கையால். நீங்கள் வெள்ளிக்கிழமை கண்ணாத்தாளைத் தாராளமாகக் கூட்டி வரலாம், ஆனால் முதல் மரியாதை போய்விட்டது என்று அவளிடம் இப்போதே சொல்லி வைக்கவும்.