பச்சைப் பொட்டலமும் பிரச்சினை இல்லாத மேலாளரும்

பிரச்சினை இல்லாத மேலாளர் என்று ஓர் இனம் உண்டு. மென்பொருள் எழுதும் இடங்களில் செழித்து வளரும். நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டி முடித்திருக்கும். ரசீது கைபேசிக்குப் போக வேண்டுமா? பிரச்சினை இல்லை. பழைய கணக்கெல்லாம் புதியதில் ஏற வேண்டுமா? பிரச்சினை இல்லை. பண்டிகைக்கு முன்பே முடிய வேண்டுமா? பிரச்சினையா, அப்படியென்றால் என்ன?

தைவானின் தைச்சுங் நகரத்து லியாவ் இந்த இனத்தின் அசல் வாரிசு. ஊரெங்கும் கிளை பரப்பிய ஓர் அடுமனைக்கு விற்பனை மென்பொருள் செய்துதருவது அவர் பொறுப்பு. ஊரே பெட்டி பெட்டியாக நிலா கேக் வாங்கிப் பரிசளிக்கும் நிலாப் பண்டிகைக்குள் அது ஓடவேண்டும். ஓடாவிட்டால் அடுமனைக்கு வருடத்தின் பெரிய வியாபாரம் போச்சு, லியாவுக்கு நாற்காலி போச்சு. வேறொருவர் என்ன செய்வார்? கடைப் பெண்களிடம் போய், எப்படி விற்கிறீர்கள் என்று கேட்பார். லியாவும் கடைக்குப் போனார், சோளப்பொரி வாங்க.

பச்சைப் பையில் அடைத்த சோளப்பொரியை சர்வர் கணினியின் தலையில் வைத்தால் அது அடம்பிடிக்காமல் ஓடும் என்பது அங்கே கணினியைத் தொட்ட எவருக்கும் தெரியும். பச்சைதான் வேண்டும், மஞ்சள் வைத்தால் படுத்துக்கொள்ளும். அதைத் தின்னக் கூடாது. முக்கியமாக, காலாவதித் தேதி தாண்டக் கூடாது.

சோதனை ஓட்டத்தில் சர்வர் படுத்துக்கொண்டது.

"சார், ஒரே பெட்டியில ரெண்டு சேப்பங்கிழங்கு, மூணு பச்சைப்பயறுன்னு கலந்து கேக்குறாங்க," என்றாள் நிரல் எழுதும் பெய்-ஷான். "நம்ம சாஃப்ட்வேருக்குப் பெட்டின்னா ஒரே ருசிதான். கலந்து அடிச்சா நின்னுடுது. அப்பவே சொன்னேன்ல?"

"அது கெடக்கட்டும்மா. பொட்டலத்த எடு, தேதியப் பாரு."

தேதி தாண்டியிருந்தது!

அடடா, என்ன நிம்மதி! உடனே விசாரணைக் கூட்டம். வாங்கியது யார், தேதியைப் பார்க்காதது யார், இனிமேல் தினமும் பார்க்கப்போவது யார் என்று பகல் முழுவதும் விவாதித்து, பொட்டலக் காவலுக்கு ஓர் ஆளையும் நியமித்து, காரணம் கண்டறியப்பட்டது என்று மேலிடத்துக்கு எழுதியும் அனுப்பினார் லியாவ். கலந்த பெட்டி? அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த சோதனைக்கு அடுமனை முதலாளி ஷென் அம்மையாரே வந்திருந்தார். புத்தம்புதுப் பொட்டலத்தைச் சுமந்தபடியே சர்வர் மறுபடி படுத்தது. லியாவ் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சைதான். பிரிக்கவில்லை. தேதிக்கும் இன்னும் ஏராளமாக நாள் இருந்தது. பாவம், பழிபோட ஒரு பொரிகூட மிச்சமில்லை.

"என்ன லியாவ், ஏதாச்சும் பிரச்சினையா?"

"பிரச்சினை..." என்று வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது. மற்ற பாதி வரவில்லை. "...இருக்கு மேடம்."

பெய்-ஷான் பக்கத்திலிருந்தவளின் காதைக் கடித்தாள். "பேய்ங்க ஊர் சுத்துற மாசந்தான் முடிஞ்சிருச்சே, இது யாருடி இவரு உடம்புல?"

லியாவ் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினார். "எல்லாக் கடையிலயும் வேணாம் மேடம். ஒரே ஒரு கடை. அதுலயும் ஒரே ருசிப் பெட்டி மட்டும். கலந்த பெட்டிக்கு இந்தப் பண்டிகை மட்டும் கையாலயே பில் எழுதட்டும். கடைப் பொண்ணுங்களக் கேட்டு அப்புறம் ஒண்ணொண்ணா சேத்துக்கலாம்."

கூரை இடிந்து விழும் என்று காத்திருந்தார். விழவில்லை.

"பாவி மனுஷா!" என்றார் ஷென் அம்மையார். "இத ஆரம்பத்துலயே சொல்லித் தொலைச்சிருந்தா நானும் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்ல? சரி, ஒரு கடையிலயே ஓட்டு."

அந்த ஒரு கடையில் மென்பொருள் ஓடியது, மற்ற கடைகளில் பேனா ஓடியது, பண்டிகை வியாபாரம் குறைவின்றி நடந்தது. லியாவின் நாற்காலியும் தப்பியது.

இனம் அழிந்துவிடுமோ என்று நீங்கள் வருந்த வேண்டாம். உங்கள் மேலதிகாரி சமீபத்தில் "அந்த வேலை எந்த அளவில் இருக்கிறது?" என்று கேட்டாரே, "கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான்" என்று கணீரென்று ஒரு குரல் பதில் சொன்னதே, அது யாருடையது? பயப்படாதீர்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்கள்: இன்னும் தொடங்கவே இல்லைதானே?